மகன் ஹொக்கி விளையாடட்டும், 11ஆம் வகுப்புக் கணிதத்தை விடாமல்

வணக்கம் அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 15 வயது. ஐஸ் ஹொக்கியில், சிறுவர் ஆட்டத்தின் மேல்மட்டமான ட்ரிபிள் ஏ அணியில் ஃபோர்வேட், அதாவது கோல் அடிக்க முன்னால் ஆடுபவன். ஒன்ராறியோவின் ஜூனியர் லீக்கான ஓஎச்எல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் அடுத்த ட்ராஃப்டில் அவனை யாராவது எடுக்கக்கூடும் என்று கோச் சொல்லியிருக்கிறார். ஏஜென்ட் ஒருவரும் தேடி வந்திருக்கிறார். மறுபக்கம் சொந்தக்காரர்கள், "இது வெள்ளைக்காரருடைய விளையாட்டு, பிள்ளையின் படிப்பைக் கெடுக்காதே" என்கிறார்கள். உங்கள் கணவர் இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல் விடியப்புறம் அரீனாவுக்குக் கார் ஓட்டுகிறார். நிறுத்தவா, விடவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் சீசன் முடிந்த கையோடு ஒரு கணக்குப் பாருங்கள். ஹொக்கி இந்த வருடத்தோடு நின்றுபோனால் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும்? அதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கும்வரை அவன் விளையாடலாம். வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லுக்குப் போவானா என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைக் கோச்சாலும் சொல்ல முடியாது, ஏஜென்டாலும் சொல்ல முடியாது.

எத்தனை கதிரைகள் என்று மட்டும் சொல்கிறேன். என்எச்எல்லில் 32 அணிகள். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி இறக்கும் ஃபோர்வேட்கள் வழக்கமாக 12 பேர். நடுவில் ஒரு சென்ரர், இரு பக்கமும் இரண்டு விங்கர்கள், இப்படி மூவர் மூவராக நான்கு வரிசை. 32ஐ 12ஆல் பெருக்கினால் 384. கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, செக் என்று உலகம் முழுவதும் வளரும் பிள்ளைகளுக்கு இந்த 384 இடங்கள்தான். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் எளிதில் எழும்பவும் மாட்டார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கும் இடங்களை எண்ணித்தான் காட்டுகிறேன்.

இனி, உங்கள் மகன் எப்படிப்பட்ட ஃபோர்வேட்? கடிதத்தில் அவன் அடித்த கோல்களை எழுதியிருக்கிறீர்கள். அது நல்லதுதான். ஆனால் மேலே போகப் போக எல்லாரும் தங்கள் ஊரில் அதிகம் கோல் அடித்த பிள்ளைகளாகவே இருப்பார்கள். ஆறு பேருக்குத்தான் முதல் இரண்டு வரிசையில் இடம். மற்றவர்கள் எதிரணியை அடிக்கவிடாமல் தடுக்கும் வேலைக்கு மாற வேண்டும், அல்லது கீழ் லீக்கிலேயே நின்றுவிட வேண்டும். முதல் வரிசை ஃபோர்வேட் ஓர் இரவில் 18, 20 நிமிடம் பனியில் நிற்பார். நான்காவது வரிசைக்காரருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. ஒவ்வொரு தடவையும் முக்கால் நிமிடம்தான் இறங்கி ஏறுவார்கள், அதை ஷிப்ட் என்பார்கள். அந்த முக்கால் நிமிடத்தில் கோல் வாங்காமல் திரும்பி வருபவரைக் கோச் மறுபடியும் இறக்குவார்.

மனி மல்கோத்ராவின் கதையை மகனோடு உட்கார்ந்து பேசுங்கள். மிசிசாகாவில் பிறந்தவர். தந்தை இந்தியாவிலிருந்து வந்தவர், தாய் பிரெஞ்சுக் கனடியர். ஓஎச்எல்லில் குவெல்ப் அணியில் ஆடி, 1998இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணியால் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார். அவ்வளவு முன்னால் எடுக்கப்படுபவர் கோல் குவிப்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். அது நடக்கவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கும்போது இருவர் பக்குக்காக (ரப்பர் வட்டுக்காக) மோதும் ஃபேஸ்ஓஃப் எடுப்பதிலும், தன் அணியில் ஓர் ஆள் குறைந்து நிற்கும் நேரத்தில் தடுத்து ஆடுவதிலும் கெட்டிக்காரர் ஆனார். அந்த இரண்டு வேலையை வைத்துக்கொண்டு 990க்கு மேற்பட்ட என்எச்எல் ஆட்டங்கள் ஆடினார். 2011 மார்ச்சில் பக் பட்டு ஒரு கண்ணின் பார்வை கெட்டது. அதற்குப் பிறகும் ஆடினார். பின்னர் பயிற்சித் துறைக்கு வந்து, 2025இல் அவர் தலைமைக் கோச்சாக இருந்த அபொட்ஸ்ஃபோர்ட் அணி, என்எச்எல்லுக்கு அடுத்த படியில் உள்ள ஏஎச்எல் லீக்கின் கிண்ணத்தை வென்றது. அவரை இத்தனை வருடம் வேலையில் வைத்திருந்தது கோல் எண்ணிக்கை அல்ல.

ஆகவே அடுத்த ஆட்டத்தில் கோல்களை எண்ணாதீர்கள். பக்கை இழந்த பிறகு மகன் எவ்வளவு வேகமாகப் பின்னால் ஓடி வருகிறான் என்று பாருங்கள். முதல் மூன்று அடியில் வேகம் வருகிறதா, பலகையோரம் இடிபடும்போது பக்கைக் காப்பாற்றுகிறானா, மோசமான ஒரு ஷிப்டுக்குப் பிறகு பெஞ்சில் தலையைக் குனிகிறானா, பக்கத்தில் இருப்பவனோடு பேசுகிறானா? அரீனாவின் மூலையில் குறிப்புப் புத்தகத்தோடு நிற்கும், அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்களும் இதையெல்லாம்தான் பார்க்கிறார்கள்.

அப்புறம் எந்தப் பாதை என்ற கேள்வி. இதை ஆறுதலாகப் படியுங்கள், ஏனென்றால் உங்களுக்கு அறிவுரை சொல்பவர்களில் பாதிப் பேர் பழைய விதியை வைத்துத்தான் பேசுவார்கள். முன்பு ஓஎச்எல் போன்ற கனடிய மேஜர் ஜூனியர் லீக்கில் ஓர் ஆட்டம் ஆடினாலே அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியின் கதவு மூடிவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அந்தப் பிள்ளைகளைத் தொழில்முறை ஆட்டக்காரர்களாகக் கணக்கிட்டது. அதனால் 15, 16 வயதிலேயே ஒரு பக்கத்தைத் தேர்ந்தாக வேண்டும். எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு முடிவுக்காகச் சண்டை நடந்தது. 2024 நவம்பரில் என்சிஏஏ அந்த விதியை நீக்கியது. 2025 ஓகஸ்ட் 1 முதல் ஓஎச்எல்லில் ஆடிய பிள்ளையும் டிவிஷன் 1 என்ற முதல் தரப் பல்கலைக்கழக அணிக்குப் போகலாம். வைற்ஹோர்ஸில் பிறந்த கவின் மக்கென்னா என்ற விங்கர், மெடிசின் ஹற் மேஜர் ஜூனியர் அணியில் ஆடிவிட்டு 2025இல் பென் ஸ்டேற் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கனடாவின் ஆகச் சிறந்த இளம் ஃபோர்வேட்களில் ஒருவரே அப்படிப் போனதும் மற்றவர்களுக்கும் அந்தப் பாதை துலங்கியது.

இதனால் கதவு திறந்தது, வாசலில் நெரிசலும் கூடியது. அங்கே இடம் தேடி 19, 20 வயது ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஹொக்கியில் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் இருவரில் ஒருவனை எடுக்கும்போது ரிப்போர்ட் கார்டும் பேசும்.

இங்கேதான் நான் கறாராக நிற்பேன். என்சிஏஏ முதல் தரத்துக்கு உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். அதில் 10 பாடங்களைக் கடைசி வருடம் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டும். ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று, விஞ்ஞானம் இரண்டு கட்டாயம். ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களுக்கு என்றால் 12ஆம் வகுப்பில் யூ (பல்கலைக்கழகத்துக்கானவை) அல்லது எம் (பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் பொதுவானவை) தரப் பாடங்கள் ஆறு தேவை. நான் பார்த்த பிள்ளைகளில் பலர் சறுக்கியது 11ஆம் வகுப்பில்தான். சீசன் கடுமையாகும், பஸ் பயணம் கூடும், "கணிதத்தை இலகுவான தரத்துக்கு மாற்றிவிடுவோம்" என்று யாரோ சொல்வார்கள். அந்த ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். நேரம் போதாவிட்டால் கோடையில் படிக்கட்டும், அல்லது ஒன்ராறியோவின் தொலைக்கல்விப் பள்ளியான ரிவிஓ ஐஎல்சியில் இணையவழியாக எடுக்கட்டும். தரத்தை மட்டும் குறைக்கவேண்டாம்.

படித்தால் ஆட்டம் கெட்டுப்போகும் என்று மகன் சொன்னால், சாக் ஹைமனைப் பற்றிச் சொல்லுங்கள். ரொறன்ரோப் பையன். 2010இல் புளோரிடா அணி ஐந்தாவது சுற்றில், 123ஆவது ஆளாக எடுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இருந்து வரலாறு படித்தார். தொடக்க வருடங்களில் அவர் அடித்த கோல்கள் மிகக் குறைவு. நான்காம் வருடம் 54 புள்ளிகள் (அடித்த கோலும், மற்றவர் கோலுக்கு உதவியதும் சேர்த்து). பட்டத்தோடு வெளியே வந்து ரொறன்ரோவின் என்எச்எல் அணியான மேப்பிள் லீஃப்ஸில் சேர்ந்தார். 2023-24 சீசனில் எட்மன்டனுக்காக 54 கோல் அடித்தபோது அவருக்கு 31 வயது. மெதுவாகப் பழுக்கிற ஃபோர்வேட்டுக்குப் பல்கலைக்கழகம் அந்த நான்கு வருட நேரத்தைக் கொடுத்தது.

ஓஎச்எல் அணி எடுத்தால் வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை. அங்கே ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகக் கட்டணம் என்பது போல ஒரு கல்வி உதவி ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் எத்தனை வருடம், எந்தச் செலவுகள், எவ்வளவு காலத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும், தொழில்முறை ஒப்பந்தம் எழுதினால் அது என்ன ஆகும் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். என்எச்எல் ஒப்பந்தம் எழுதினால் அந்த உதவி பொதுவாகப் போய்விடும். அதோடு, ட்ராஃப்டின் பின்சுற்றுகளில் பெயர் வாசிக்கப்பட்டால் அணியில் இடம் உறுதி என்று நினைத்துச் சொந்தக்காரருக்கெல்லாம் கேக் வெட்டிவிடாதீர்கள். பயிற்சி முகாமில் இடத்தைப் பிடித்தால்தான் உண்டு.

இடம் கிடைத்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும். ஒஷாவா என்றால் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சூ செயின்ற் மரி என்றால் ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீற்றர். 16 வயதுப் பிள்ளை பில்லெற் குடும்பம் என்று ஓர் அந்நிய வீட்டில் தங்கிப் புதுப் பள்ளிக்குப் போவான், சீசனுக்கு 68 ஆட்டங்கள் ஆடுவான். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: போவதற்கு முன் அந்தக் குடும்பத்தை நேரில் பாருங்கள், அணியின் கல்வி ஆலோசகரோடு பேசுங்கள், அவன் என்ன சாப்பிடுவான் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பில்லெற் அம்மாக்கள் இதைத் தவறாக எடுப்பதில்லை, சந்தோஷப்படுவார்கள்.

ஏஜென்ட் விஷயம் சுருக்கமானது. 15 வயதுப் பிள்ளையின் பெற்றோரிடம் முன்பணம் கேட்பவருக்குக் கதவைச் சாத்துங்கள். நல்ல ஏஜென்ட் பின்னால் வரும் ஒப்பந்தத்தில் ஒரு பங்கை எடுப்பார், அதற்காகக் காத்திருப்பார். என்எச்எல் ஆட்டக்காரர் சங்கம் அவருக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணம். 2025-26இல் என்எச்எல்லின் குறைந்தபட்சச் சம்பளம் 775,000 அமெரிக்க டொலர். இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் இளம் ஆட்டக்காரர் பலருக்கு இருப்பது இருநிலை ஒப்பந்தம். மேலே ஆடும் நாட்களுக்கு அந்தச் சம்பளம், ஏஎச்எல்லுக்கு இறக்கிவிட்டால் அதில் ஒரு சிறு பகுதி. அதற்கும் கீழே உள்ள ஈசிஎச்எல் என்ற லீக்கில் வாரக் கூலியும் தங்க ஒரு வீடும். ஐரோப்பாவுக்குப் போய் ஜெர்மனி, சுவிற்சர்லாந்து, பின்லாந்து லீக்குகளில் கௌரவமாகச் சம்பாதிப்பவர்களும் உண்டு. இங்கிலாந்து லீக்கில் சிலர் ஆடிக்கொண்டே முதுகலைப் பட்டம் முடிக்கிறார்கள். எதுவானாலும் 35 வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்கு முடிந்துவிடும், அதன்பிறகு முப்பது வருட வேலை வாழ்க்கை மிச்சம் இருக்கும். இப்போதைய உங்கள் செலவையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நல்ல ஸ்டிக் 350 டொலருக்கு மேல், உயர்தர ஸ்கேட்ஸ் ஆயிரத்தைத் தாண்டும். வீட்டுக் கடனைக் கூட்டியோ, தங்கையின் கல்விச் சேமிப்பில் கைவைத்தோ அந்தச் செலவைச் செய்யாதீர்கள். பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தக் கடனைப் பையன்தான் தோளில் சுமப்பான்.

தலையில் அடிபடுவது பற்றி நீங்கள் எழுதவில்லை. பயத்தில் எழுதாமல் விட்டீர்களோ என்று நினைத்தேன். அவன் வயதில் உடலால் மோதி ஆட அனுமதி உண்டு. ஒன்ராறியோவில் ரோவன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், மருத்துவர் அனுமதித்த பிறகுதான் திரும்ப இறக்கலாம். ட்ராஃப்ட் வருடத்தில் பிள்ளைகள் தலைவலியை மறைப்பார்கள். "மறைக்காமல் சொன்னால் நான் ஏச மாட்டேன், இந்த சீசன் போனாலும் பரவாயில்லை" என்று நீங்களே இப்போதே அவனிடம் சொல்லிவையுங்கள். அப்பாவும் சொல்லட்டும்.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது? பஞ்சாபிக் குடும்பங்களும் இதே பேச்சைக் கேட்டிருக்கும். றொபின் பாவா 1989இல் வாஷிங்டன் அணிக்காக இறங்கினார், என்எச்எல்லில் ஆடிய முதல் பஞ்சாபி அவர். 2008இல் ஹொக்கி ஒளிபரப்பே பஞ்சாபியில் வரத் தொடங்கியது. வான்கூவருக்கு அருகிலுள்ள சரேயைச் சேர்ந்த அர்ஷ்தீப் பைன்ஸை எந்த என்எச்எல் அணியும் ட்ராஃப்டில் எடுக்கவில்லை. மேற்குக் கனடாவின் ஜூனியர் லீக்கில், ரெட் டியர் அணியில் 112 புள்ளிகளோடு முதலிடம் பிடித்த அந்த 2021-22 சீசனில்தான் வான்கூவர் ஒப்பந்தம் கொடுத்தது. 2024இல் என்எச்எல் பனியில் இறங்கினார். அவருக்குப் பின்னால் விடியப்புறம் அரீனாவுக்குக் கார் ஓட்டிய ஒரு வீடு இருந்திருக்கும்தானே.

இன்னொன்று, அக்கா. உங்கள் மகளும் ஸ்கேட் பண்ணுகிறாள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு விட்டிருக்கிறீர்கள். 2024 ஜனவரியில் பெண்களுக்கான தொழில்முறை லீக்கான பிடபிள்யூஎச்எல் தொடங்கியிருக்கிறது, ரொறன்ரோவிலும் அணி உண்டு. அங்கே ஆடும் பெண்களில் மிகப் பெரும்பாலானோர் பல்கலைக்கழகம் வழியாக வந்தவர்கள். அவளுக்கும் மேலே சொன்ன பாடக் கணக்கு அப்படியே பொருந்தும்.

மகனிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்: ஆட முடியாமல் போனால் அரீனாவுக்குள் வேறு எந்த வேலை செய்ய ஆசை? காயம் பார்ப்பதில் ஆர்வம் என்றால் யோர்க்கிலும் ஷெரிடனிலும் அத்லெற்றிக் தெரபி இருக்கிறது. அணி நிர்வாகம் பிடிக்கும் என்றால் புறொக்கில் விளையாட்டு முகாமைத்துவம் இருக்கிறது. வீடியோ பார்த்து ஆட்டத்தை அலசுவது பிடிக்குமென்றால் கணிதத்தையும் கணினியையும் விடக்கூடாது. "தெரியாது" என்று எழுதினாலும் பரவாயில்லை.

அந்தத் தாளையும் கடைசி ரிப்போர்ட் கார்டையும் இந்த சீசன் அட்டவணையையும் எடுத்துக்கொண்டு மூவரும் வாருங்கள். ஆட்டம் இல்லாத ஒரு நாளாகப் பாருங்கள், கணவர் கொஞ்சம் நித்திரை கொண்டுவிட்டு வரட்டும். 11ஆம் வகுப்புப் பாடத் தெரிவுப் படிவத்தை நாம் சேர்ந்து நிரப்புவோம்.