சர்ஃப் பலகைக்கு எந்த ஃபைபர் துணி? நாகை, காரைக்கால் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

நாகப்பட்டினத்திலிருந்து: அண்ணே, படகுப் பட்டறையில் 450 மேட் மிச்சம் கிடக்கிறது. அதையே பலகைக்குப் போடலாமா?

வேண்டாம் தம்பி. மேட் என்பது நறுக்கின கண்ணாடி இழைகளைப் பசை வைத்து ஒட்டியது, 450 என்பது சதுர மீட்டருக்கு அதன் கிராம் எடை. ரெசினை, அதாவது துணியில் ஊறி இறுகிக் கெட்டியாகும் திரவத்தை, அது குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு, இரண்டரை கிலோ ரெசின் போகும். நெய்த துணிக்கு ஏறத்தாழ அதன் எடை அளவுக்கே போதும். சுனாமிக்கு அப்புறம் நம் கரையில் பெருகிய ஃபைபர் படகுகளுக்கு இந்த எடை பெரிய குறையில்லை, இன்ஜின் தள்ளிவிடும். பலகையை அலை வரைக்கும் கொண்டுபோவது உங்கள் இரண்டு கைகள்தான். தடித்த இழைக் கற்றைகளால் நெய்த 600 கிராம் ரோவிங் துணியும் அப்படியே, நெசவு தடிப்பு, பலகையின் ஓர வளைவில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

தரங்கம்பாடி: அப்படியானால் எவ்வளவு கனமான துணி வாங்குவது?

சர்ஃப் பலகைக்காரர்கள் அவுன்ஸில் சொல்வார்கள், நம் கடையில் ஜிஎஸ்எம்மில் கேட்க வேண்டும். 4 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 135 கிராம், 6 அவுன்ஸ் என்றால் சுமார் 200. வழக்கமான குட்டைப் பலகைக்கு அடியில் 4 அவுன்ஸ் ஒரு அடுக்கு, மேலே 4 அவுன்ஸ் இரண்டு அடுக்கு. குதிகால் அழுத்தி அழுத்திக் குழி விழுவது மேல்பக்கம்தான், அதனால் துணியை அங்கே கூட்டுங்கள். புதிதாகப் பழகுகிறவர், உடம்பு கனமானவர், நீளப் பலகை செய்கிறவர் எல்லாம் 6 அவுன்ஸுக்குப் போகலாம். ஒரே தடித்த துணியை விட மெல்லியது இரண்டு போடுவதையே நான் சொல்வேன், ஓரத்தில் மடிப்பு விழாமல் உட்காரும்.

ஆறடிப் பலகைக்கு இரண்டு முனையிலும் கொஞ்சம் தொங்கவிட்டு மூன்று துண்டு வெட்டினால் ஆறேகால் மீட்டர் வரும். பாவு இழை பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும். துணியைச் சுருட்டித்தான் வாங்குங்கள். மடித்துக் கொடுத்தால் அந்த மடிப்புக் கோடு ரெசினுக்குள்ளும் தெரியும்.

காரைக்கால்: தெர்மாகோல் பிளாக்கில் செய்கிறேன். படகுக்குப் போடும் ரெசின் போதுமா அண்ணா?

போதாது, தெர்மாகோலே கரைந்துவிடும். படகு ரெசின் பாலியெஸ்டர், அதில் இருக்கும் ஸ்டைரீன் என்ற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தெர்மாகோலுக்கு எபாக்ஸி ரெசின்தான். பாலியூரித்தேன் ஃபோம் என்றால் பாலியெஸ்டர் போடலாம். ஆகவே முதலில் ஃபோம், அப்புறம் ரெசின், கடைசியில் துணி என்று முடிவு செய்யுங்கள். துணி இழையின் மேல் ஒரு பூச்சு இருக்கும், அது உங்கள் ரெசினோடு சேர வேண்டும். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் உள்ளங்கை அளவு துண்டு வாங்கி, பாலிதீன் தாள் மேல் விரித்து ரெசின் தடவிப் பாருங்கள். தண்ணீர் போலத் தெளிந்தால் நல்ல துணி, வெள்ளை வெள்ளையாக நின்றால் விட்டுவிடுங்கள்.

பாலியெஸ்டர் போடுகிறவர்களுக்கு ஒன்று: ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது.

கும்பகோணத்திலிருந்து ஒரு அக்கா: மகன் எஸ் கிளாஸ் துணிதான் வேண்டும் என்கிறான், விலை அதிகமாக இருக்கிறதே?

எஸ் கிளாஸ், இ கிளாஸ் என்பவை கண்ணாடி இழையின் வகைகள். எஸ் கிளாஸ் வலுவானது, உண்மை. ஆனால் முதல் பலகைக்கு சாதாரண இ கிளாஸ் தாராளமாகப் போதும் அக்கா. கை பழகாமல் ரெசினை அதிகம் விட்டுவிட்டால் எஸ் கிளாஸால் வந்த லாபம் அந்த எடையிலேயே போய்விடும். மிச்சமாகும் பணத்தில் நல்ல மாஸ்க்கும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள், தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

வேதாரண்யம்: ஐப்பசி மழையில் செய்யலாமா?

தள்ளிப்போடுங்கள். ஈரம் ஏறிய துணி பால் போல வெளுத்துவிடும், எபாக்ஸியின் மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் கட்டும், அதைக் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சு ஒட்டாது. தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. சூடு ஏறும் நேரத்தில் தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்று விரிந்து துணிக்கு அடியில் குமிழ் கிளப்பும், சூடு இறங்கும்போது அந்தத் தொல்லை இல்லை. துணிச் சுருளைத் தரையில் வைக்காமல் பாலிதீன் சுற்றி உயரத்தில் வையுங்கள்.