தம்பியைத் தேடும் அக்காவுக்கு: எந்தத் தாளை யாரிடம் கொடுப்பது?

கடலூர் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருப்பதன் சுருக்கம் இது:

"2006இல் கணவருடனும் கைக்குழந்தையுடனும் இராமேஸ்வரம் வழியாக வந்தேன். 2009 மே மாதம், போர் முடியும் நாட்களில், முல்லைத்தீவின் வட்டுவாகலில் என் தம்பியை இராணுவத்திடம் ஒப்படைத்தவர் எங்கள் அம்மா. அதன்பின் தகவல் இல்லை. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முல்லைத்தீவில் தனியாக இருக்கிறார். அங்கே ஆட்சிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இருக்கும் கடதாசிகளைக் காணாமற்போனோர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். கொடுத்தால் வழக்கு முடிந்துவிடும் என்கிறார்கள் வேறு சிலர். போராட்டத்துக்குப் போய்வந்தால் வீட்டுக்கு ஆள் வந்து விசாரிக்கிறார்களாம். நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? ஒருமுறை போய் வரலாமா?"

கடலூரில் வழக்கறிஞராக இருக்கும் நான், முகாம்களில் வாழும் குடும்பங்களின் ஆவணங்களோடு பல ஆண்டுகளாகப் பழகியவன். என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாள்களைக் கொடுக்கலாம், ஆனால் மூலத் தாளை (அசலை) எவரிடமும் கொடுக்காதீர்கள். ஆட்சி மாறும் ஒவ்வொரு முறையும் முதலில் கைமாறுவதும் முதலில் காணாமற்போவதும் அலுவலகங்களில் உள்ள கோப்புகளே.

இலங்கையில் கடந்த சில ஆண்டுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். காணாமற்போனோரைத் தேடுவதற்கான அலுவலகத்துக்கு 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. ஆணையாளர்கள் 2018 பிப்ரவரியில்தான் நியமிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று பிரதமரே திடீரென மாற்றப்பட்டு, நாடு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அரசியல் குழப்பத்தில் கிடந்தது. 2019 நவம்பரில் புதிய ஜனாதிபதி வந்தார். காணாமற்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் ஐ.நா. பிரதிநிதியிடமே அவர் கூறினார். 2022 ஜூலையில் மக்கள் எழுச்சியின் முன் நிற்க முடியாமல் அவர் நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். 2024 செப்டம்பரில் மீண்டும் ஓர் ஆட்சி மாற்றம். இத்தனைக்கும் இடையே அதே தாய்மார் அதே சாட்சியத்தை ஆணைக்குழு ஆணைக்குழுவாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். உங்கள் அம்மா எத்தனை இடங்களில், எந்தெந்தத் தேதிகளில் வாக்குமூலம் கொடுத்தார், எந்தப் பதிவு எண் கிடைத்தது என்பதை ஒரே தாளில் வரிசையாக எழுதி வாங்குங்கள். வாக்குமூலங்களுக்கிடையே தேதி ஒன்று முன்பின்னாக இருந்தால்கூட எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும் என்பதால், இந்த ஒரு தாள் எல்லாவற்றையும்விட முக்கியம்.

இனி ஆவணங்களைப் பற்றி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததற்குச் சில வாரங்களுக்குப் பின், ஒரு பெண்மணி மருந்துக்கடை மஞ்சள் பையில் சுற்றி ஒரு தாளைக் கொண்டுவந்தார். கூரை பறந்ததில் நனைந்த தாள் அது. நீல மையில் எழுதியிருந்தவை எல்லாம் கரைந்துபோய், காவல் நிலையத்தின் வட்ட முத்திரை மட்டும் ஊதா நிறத்தில் மிஞ்சியிருந்தது. என்ன முறைப்பாடு (புகார்), யாரைப் பற்றியது, எந்த நாள் என்று எதுவுமே தெரியவில்லை. அந்தத் தாளை என் மேசை மீது விரித்து வைத்துவிட்டு அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அதற்குப் பிறகு 2015 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்தோம். ஆகவே ஒவ்வொரு தாளையும், வெற்றாகத் தோன்றும் பின்பக்கத்தையும் சேர்த்து, நிழல் விழாமல் படமெடுங்கள். ஒரு பிரதி உங்களிடமும், ஒன்று அம்மாவிடமும், ஒன்று வெளிநாட்டில் உள்ள நம்பகமான உறவினரிடமும் இருக்கட்டும். மூலத் தாள்களை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையின் அழுத்தத்தையும் மையையும் பரிசோதிக்க வேண்டிய நாளில் அந்த உறை தடையாகிவிடும். முகாமில் பலர் பாதுகாப்பு என்று நினைத்து இதைத்தான் செய்கிறார்கள்.

எந்தத் தாள்கள் முக்கியம் என்றால், தம்பியின் பிறப்புச் சான்று, தேசிய அடையாள அட்டையின் நகல், பள்ளிச் சான்றுகள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம அலுவலர் தந்த உறுதிக் கடிதம், செஞ்சிலுவைக் குழுவிடம் பதிவு செய்திருந்தால் அந்தச் சீட்டு ஆகியவை. வட்டுவாகலில் அன்று உடன் நின்றவர்களின் பெயர்களைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளை மட்டும் வாட்ஸ்அப்பில் எவருக்கும் அனுப்ப வேண்டாம், ஏனென்றால் அது உங்கள் பாதுகாப்பை மட்டும் சார்ந்ததல்ல.

அலுவலகத்தில் பதிவு செய்தால் வழக்கு முடிந்துவிடும் என்பது சரியல்ல. காணாமற்போனோர் அலுவலகம் தேடுவதற்கான அமைப்பு; அதற்கு எவரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை, அதன் கண்டறிதல்களால் எவர் மீதும் குற்றப் பொறுப்பும் ஏற்படாது. ஆகவே அங்கே நீதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஒரு பதிவு எண்ணுக்காகப் போங்கள். நகல்களைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ஒப்புகை கேளுங்கள். மரணச் சான்றிதழ் என்பது முற்றிலும் வேறு விஷயம். காணாமற்போனமைக்கான சான்றிதழ், மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே கிடைக்கிறது; தம்பி இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலேயே காணி, வங்கிக் கணக்கு போன்றவற்றைப் பார்த்துக்கொள்ள அது போதும். 2022 மார்ச்சில் குடும்பம் ஒன்றுக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் வழங்க அமைச்சரவை முடிவெடுத்தபோது பல தாய்மார் மறுத்தார்கள். ஏற்பதும் மறுப்பதும் அம்மாவின் உரிமை. அதில் நான் கருத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் படிவத்திலும் கையொப்பமிடும் முன் அதில் "மரணம்" என்ற சொல் இருக்கிறதா என்று ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

நீதிமன்ற வழி மெதுவானது, ஆனால் அது அடைபடவில்லை. போரின் கடைசி நாட்களில் சரணடைந்த ஒருவருக்காக அவர் மனைவி 2013இல் தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், அவரை முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் படைத்தரப்புக்கு உத்தரவிட்டது. ஒப்படைத்ததை நேரில் கண்ட தாயின் சாட்சியம் இத்தகைய வழக்குகளுக்கு உயிர்நாடி. இதோடு, 1980இல் அமைக்கப்பட்ட ஐ.நா.வின் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பற்றிய செயற்குழுவுக்கும் விண்ணப்பியுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, உள்நாட்டு வழக்கு முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. குடும்பத்தின் சம்மதம் வேண்டும், படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை மனித உரிமைப் பேரவையின் 46/1ஆம் தீர்மானம் 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்திடம் ஒப்படைத்து, பின்னர் அது நீட்டிக்கப்பட்டும் வருகிறது. கொழும்பில் யார் ஆட்சிக்கு வந்தாலும் கலைக்க முடியாத இடத்தில் உங்கள் தாளின் ஒரு நகல் இருப்பதற்கு இவையே வழி.

வீட்டுக்கு வந்து விசாரிப்பவர்களைப் பற்றி: கொந்தளிப்பான காலத்தில் அவசரகாலச் சட்டமும், தற்காலிகம் என்று 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டமும் எவர் மீது வேண்டுமானாலும் பாயும், 2022 ஆகஸ்டில் தெற்கின் மாணவர் தலைவர்கள் மீதே பாய்ந்தது. அம்மா வாக்குவாதம் செய்ய வேண்டாம். வந்தவரின் பெயர், பதவி, நிலையம் ஆகியவற்றைக் கேட்டு, நேரத்தோடு நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும்; பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உடனிருக்கட்டும். பிறகு இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற அவசர எண்ணிலோ பிராந்திய அலுவலகத்திலோ முறையிடலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரே மாதம்தான் தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் எழுத்து மூலம் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல், எழுதிக் கொடுத்து எண் பெறுவது இதற்காகத்தான்.

போய் வரலாமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதே. வெளியேறும் அனுமதி பெற்றுப் போனால் முகாம் பதிவு போய்விடும். திரும்பி வருவது எளிதல்ல. கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர்களுக்கு அங்கே குடிவரவுச் சட்டத்தின் சிக்கலும் உண்டு: 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு திரும்பிய ஒரு முதியவரே பலாலி விமான நிலையத்தில் கைதானார். அங்கே நடக்க வேண்டிய வேலைகளுக்கு, நம்பகமான உறவினர் பெயரில் ஓர் அதிகாரப் பத்திரம் எழுதி, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் சான்றுறுதி பெற்று அனுப்புங்கள். அங்கே அதை அற்றோர்ணித் தத்துவம் என்பார்கள். சென்னைக்குப் போகும் நாளுக்கு முகாமில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2023 ஜூனில் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டு, பின்னர் 50க்கும் மேற்பட்ட எச்சங்கள் எடுக்கப்பட்டன. இதை எழுத என் கை தயங்குகிறது. நீங்கள் தேடுவது உயிரோடு இருக்கும் தம்பியை. ஆனாலும் அடையாளம் காணும் நாள் எந்த வடிவத்தில் வந்தாலும், அதற்கு வேண்டிய விவரங்கள் இன்று ஒரே ஒருவரின் நினைவில்தான் இருக்கின்றன. இரவு அழைக்கும்போது அம்மாவிடம் நிதானமாகக் கேளுங்கள்: அன்று தம்பி உடுத்தியிருந்த சட்டையின் நிறம், பல்லில் இருந்த இடைவெளி, சிறு வயதில் கை முறிந்திருந்தால் எந்தக் கை, இடுப்பில் கட்டியிருந்த கயிறு. கேட்பதை அப்படியே அவர் சொற்களில் எழுதி, தேதியிட்டு, மறுநாள் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். பிறகு அங்குள்ள சமாதான நீதவான் (ஆவணங்களுக்குச் சான்றளிக்க அதிகாரம் பெற்றவர்) ஒருவர் முன் அம்மா அதைச் சத்தியக் கடதாசியாக (உறுதிமொழிப் பத்திரமாக) கையொப்பமிடட்டும்.