கறுப்பு உடலில் ஆறு வெள்ளைப் புள்ளிகள்: இது என்ன வண்டு?

நீங்கள் கேட்கும் வண்டு பெரும்பாலும் ஆறு புள்ளித் தரைவண்டு (ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா). சுமார் 4 செ.மீ. நீளம், மைக்கறுப்பு உடல், நீண்ட கால்கள், முன்னே துருத்திய தாடைகள். புள்ளிகளின் இடத்தைப் பாருங்கள்: மார்பின் மேல்தகட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, சிறகுறைகளில் (முதுகை மூடும் கடினமான முன்சிறகுகள்) இரண்டு இணைகளாக நான்கு. ஆணுக்கு மார்புத்தகட்டின் பின்பகுதி சிறகுறைகளின் மேல் நீண்டிருக்கும். சிறகுறைகள் ஒட்டிப்போனவை, அதனால் பறக்காது. ஓட்டம்தான், அதுவும் நல்ல வேகம்.

குழப்புவது ஏழு புள்ளிக் கரப்பான். தென்னிந்தியப் புதர்க்காடுகளில் இதுவும் இருக்கிறது. இந்த வண்டைப் போலத் தோற்றம் காட்டித் தப்பிக்கிறது என்று கருதப்படுகிறது. ஆனால் அதன் புள்ளிகள் அனைத்தும் முன்சிறகுகளிலேயே இருக்கும். இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் மூன்று. தட்டையான வட்ட உடல், துருத்திய தாடை கிடையாது. படம் எடுப்பதானால் நேர் மேலிருந்து எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் மார்புப் புள்ளிகள் தெரியாமல் போய்விடும்.

பரவல் இந்தியாவின் வறண்ட பகுதிகள். புதர்க்காடு, திறந்த வெளி, மணலும் கல்லும் கலந்த தரை. பகலில் கல்லடியிலோ வளையிலோ ஒளிந்து, இருட்டும் நேரத்தில் பூச்சி வேட்டைக்கு வெளியே வரும்.

கையில் மட்டும் எடுக்காதீர்கள். சீண்டினால் வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். குனிந்து பார்ப்பவரின் கண்தான் முதலில் மாட்டும். பட்டால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.