கல்லூரி மாணவர்கள் கணினியில் வேலை செய்ய ஏன் தயங்குகிறார்கள்?

எந்நேரமும் ஃபோனும் கையுமாக இருக்கும் மாணவர்கள், கல்லூரியில் கணினியில் ஏதாவது செய்யச் சொன்னால் மட்டும் ஏன் பின்வாங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன், அதனால் இதைத் தினமும் பார்க்கிறேன்.

ஃபோனில் கோப்பு எங்கே போய் உட்காருகிறது என்றே தெரியாமல் காலத்தை ஓட்டிவிடலாம். எக்செல்லில் ஒரு ஃபார்முலா தப்பினால் உடனே பிழை என்று திரை சொல்கிறது, பக்கத்தில் இருப்பவரும் பார்க்கிறார். அந்தக் கூச்சம்தான் பாதிப் பிரச்சினை. 1984இல் லாயிட், கிரெசார்ட் என்ற இருவர் கணினி மீதான மனப்பான்மையை அளக்க உருவாக்கிய அளவுகோலிலேயே பதற்றம், தன்னம்பிக்கை, விருப்பம் என்று மூன்றையும் தனித்தனியாகத்தான் வைத்தார்கள். கணினி பிடிக்கும், ஆனால் தொடப் பயம் என்று இருப்பவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஆசிரியர்கள் முடிவுகட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மீதிப் பிரச்சினை எங்கள் பக்கம். ஒரு மென்பொருளை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஃபிரெட் டேவிஸ் 1989இல் ஆராய்ந்தபோது, பயன்படுத்த எளிதா என்பதைவிட, தன் வேலைக்கு உதவுமா என்ற எண்ணத்துக்குத்தான் பயன்பாட்டோடு நெருக்கமான தொடர்பு தெரிந்தது. என் வகுப்பிலும் அதேதான். மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் வாரத் தேர்வு என்றால் ஒரு மாணவி முணுமுணுக்கிறாள். அதே மாணவி தன் ஆய்வுத் திட்டத்துக்காக ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியோடு ராத்திரியெல்லாம் மல்லுக்கட்டுகிறாள். மூடுல் அதைவிட எவ்வளவோ சுலபம்! ஆனால் ஸ்கேன் செய்த பழைய குறிப்புகளைப் பிடிஎஃப்பாக ஏற்றிவிட்டு, அதைக் கணினிவழிக் கல்வி என்று நாம் சொன்னால் அவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது? அவர்கள் அலுத்துக்கொள்வது நியாயம்.

நீங்கள் ஆசிரியராக இருந்தால், முதல் ஆய்வக வகுப்பில் பாடத்தைத் தொடங்காதீர்கள். எல்லோரையும் வேண்டுமென்றே ஒரு நிரலைக் கெடுக்கச் சொல்லுங்கள், வரும் பிழைச் செய்தியைச் சத்தமாகப் படித்து, எந்த வரியில் தவறு என்று அவர்களையே தேடவிடுங்கள். அப்புறம் தரவை நீங்கள் கொடுக்காமல், அவரவருக்கு அக்கறையுள்ள ஒன்றை அவர்களே கொண்டுவரட்டும். கிரிக்கெட் ஸ்கோரோ மழை அளவோ, எதுவானாலும் சரி.