பச்சை மர மலைப்பாம்பு வாங்கலாமா?
வணக்கம். மஞ்சள் நிறக் குட்டி ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அதை அடிக்கடி கையில் எடுத்துப் பழக விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் நோக்கமென்றால், தயவுசெய்து இதை வாங்காதீர்கள். நியூ கினியின் மழைக்காடுகளில் வாழும் இப்பாம்பு, பகல் முழுவதும் கிளையில் சுருண்டு, நடுவில் தலையை வைத்து அசையாமல் கிடக்கும். குட்டியைக் கிளையிலிருந்து இழுத்தெடுத்தால் வாலின் முள்ளெலும்புகள் எளிதில் சேதமடையும். மஞ்சள் நிறமும் நிலைக்காது, வளர வளரப் பச்சையாகிவிடும்.

பார்த்து மகிழ்வதே போதும் என்றால், பண்ணையில் பிறந்தவை என்று இந்தோனேசியாவிலிருந்து ஏற்றுமதியானவற்றில் பெரும்பாலானவை காட்டில் பிடிக்கப்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வு காட்டியதை மனத்தில் கொண்டு, தாய்ப்பாம்பு, முட்டையிலிருந்து வெளிவந்த நாள், சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) ஆவணங்கள் ஆகியவற்றை விற்பவரிடம் கேளுங்கள். அவர் மழுப்பினால் விலகிவிடுங்கள்.