வாராவாரம் மீட் – கடிதம்

வணக்கம். மகன் பத்தாம் வகுப்பு. 1500, 3000 மீட்டர் ஓடுகிறான். குறுவட்டம், மாவட்டம், நடுவில் கல்லூரிகள் நடத்தும் மீட், ஞாயிறானால் ஏதாவதொரு 10 கி.மீ. ஓட்டம் என்று ஆறு வாரமாகப் போட்டிதான். 1500-இல் 4:28 ஓடியவன் இப்போது 4:36. பயிற்சியைக் கூட்டலாமா?
– ஒரு தந்தை, நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்ட எங்கே இடம் இருக்கிறது? மீட்டுக்கு முன்னால் இரண்டு நாள் லேசாக ஓடுவான், பின்னால் மூன்று நாள் கால் கனக்கும். வாரம் அதிலேயே போய்விடும்.

முதலில் எது குறைந்தது என்று பாருங்கள். அடுத்த 1500-இல் ஸ்டாப்வாட்சோடு முடிவுக்கோட்டில் நிற்காமல், ஓட்டம் தொடங்கும் இடத்தில் நில்லுங்கள். 400, 800, 1200 மூன்றும் அங்கேதான் வரும். சுற்றுக்கு 71, 72 வினாடி என்று ஓடிவிட்டு மூன்றாவது சுற்று 77-க்குப் போனால் தம் குறைந்திருக்கிறது. நீண்ட ஓட்டம் விட்டுப்போனதன் பலன். முதலிலிருந்தே 73, 74 என்று ஒரே சீராக மந்தமென்றால் களைப்பு. ஒரு வாரம் மெல்லோட்டம் மட்டும் போதும்.

மீட் இல்லாத வாரத்தில் செவ்வாய் 1000 மீட்டர் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் 3:25, இடையில் 2 நிமிட மெல்லோட்டம். சனிக்கிழமை 12 கி.மீ., கிலோமீட்டருக்கு 5 நிமிடம். பையன்கள் கூட்டமாகப் போனால் கடைசி 3 கி.மீ. பந்தயமாகிவிடும், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தைத் தாண்ட விடாதீர்கள். மற்ற நாள்களில் 6 முதல் 8 கி.மீ., ஒரு நாள் முழு ஓய்வு.

மீட் உள்ள வாரத்தில் தூரம் பாதி. செவ்வாய் 200 மீட்டர் ஆறு தடவை, 36 வினாடியில், அவ்வளவுதான். அந்த வாரத்தின் கடினப் பயிற்சி போட்டியேதான். சரியாக ஓடவில்லை என்று மறுநாளே இன்டர்வெல் (விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சி) கொடுக்கும் பி.இ.டி. மாஸ்டர்கள் உண்டு. அதைவிடக் கெடுதல் வேறில்லை.

குறுவட்டத்தையும் மாவட்டத்தையும் விட முடியாது. ஞாயிறு ஓட்டத்தை இந்த சீசனுக்கு நிறுத்துங்கள். டி-ஷர்ட்டும் மெடலும் வீட்டில் நிறையவே சேர்ந்திருக்கும். பள்ளியின் புள்ளிக்காக 800-ஐயும் தலையில் கட்டுவார்கள். எந்த மீட்டில் எத்தனை ஓட்டம் என்று மாஸ்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுரீரென்றால் மாவட்டப் போட்டியானாலும் ஓட வேண்டாம். எலும்பில் விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்; படம் சுத்தமாக இருக்கிறது என்று மறுபடி கிரவுண்டுக்கு அனுப்பாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.