கண்ணாடிக்குள் தெரிவது பொய்யா? மெய் பிம்பம், மாய பிம்பம் கேள்வி பதில்

கோபிப் பக்கம் பள்ளியில் பல வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். பிம்பங்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பொள்ளாச்சி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: சார், திரையில் விழுந்தால் மெய், விழாவிட்டால் மாயம் என்று எழுதினால் போதுமா?

மார்க் கிடைக்கும்மா. ஆனால் அது அடையாளம்தான், காரணம் இல்லை. பொருளின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிய கதிர்கள் லென்ஸிலோ ஆடியிலோ பட்டு மறுபடி ஒரு புள்ளியில் வந்து சேர்ந்தால் மெய் பிம்பம். சேராமல் விரிந்துகொண்டே போனால், அவை எங்கிருந்து வருவதுபோல் தோன்றுகிறதோ அங்கே பொருள் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். அதுதான் மாய பிம்பம். அந்த இடத்துக்குக் கதிர் போவதே இல்லை. திரையில் என்ன விழும்? இன்னொன்று: திரையை எடுத்துவிட்டாலும் மெய் பிம்பம் அந்தரத்தில் அங்கேயேதான் இருக்கும்.

சோமனூர், விசைத்தறிக்காரர்: ஏனுங்க சார், துணியில நூல் எண்ணுற பிக் கிளாஸ் லென்ஸ்ல நூல் பெருசாத் தெரியுதே, அது எந்த வகைங்க?

மாய பிம்பம்ங்க. துணி அந்த லென்ஸின் குவியத் தூரத்துக்குள் (தூரத்திலிருந்து வரும் ஒளி லென்ஸைத் தாண்டிக் குவியும் தூரம்) இருக்கிறது. அதனால் நேராக, பெரிதாகத் தெரிகிறது. இப்போது அதே பிக் கிளாஸை ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய், ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஜன்னலும் வெளியே நிற்கும் தென்னையும் தலைகீழாக, குட்டியாக, பச்சை நிறம் மாறாமல் தாளில் வந்து விழும். அது மெய் பிம்பம். லென்ஸ் ஒன்றுதான், பொருள் குவியத் தூரத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதில்தான் எல்லாம். கரும்பலகையில் எத்தனை கதிர்ப் படம் போட்டும் புரியாத பிள்ளைகளுக்கு இந்தத் தலைகீழ்த் தென்னை ஒரு நிமிடத்தில் புரியவைத்திருக்கிறது.

அவிநாசி: மாய பிம்பம் இல்லாத ஒன்றுதானே? அப்படியானால் கண்ணாடியில் தெரிவது செல்போனில் எப்படிப் படமாகிறது?

"மாய" என்ற சொல் செய்கிற குழப்பம் இது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி நிஜம். போன் லென்ஸ் அதைக் குவித்து சென்சாரில் மெய் பிம்பமாக்குகிறது. நம் விழித்திரையிலும் அப்படியே. போனைக் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பொட்டுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். கண்ணாடியில் தெரியும் அறை மங்கிவிடும், ஏனென்றால் அந்தப் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது.

காங்கேயம்: கிணற்றுத் தரை மேலே தெரிவதும் இதுதானுங்களா?

ஆமாங்க, மாய பிம்பம். 12 அடித் தண்ணீர் நேர் மேலிருந்து பார்த்தால் 9 அடிபோலத் தெரியும். பிள்ளைக்கு நீச்சல் பழக்கும்போது தயவுசெய்து கயிறு விட்டு அளந்துவிடுங்கள்.

ஈரோடு: 2019 டிசம்பர் 26 கிரகணத்தில் மரத்தடி வெயில் வளையம் வளையமாக விழுந்ததே, அது மெய்யா மாயமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒளி நிஜமாக வந்து தரையில் விழுகிறது, அதனால் மாயம் இல்லை. ஆனால் லென்ஸ்போல அங்கே எதுவும் கதிர்களைக் குவிக்கவும் இல்லை. இலை இடுக்கு ஒவ்வொன்றும் சூரியனின் உருவத்தைத் தரையில் விழவைக்கும் ஓர் ஊசித்துளை. அன்றைக்குச் சூரியன் நமக்கு வளையமாகத் தெரிந்தது, தரையிலும் வளையம். மற்ற நாளில் விழும் வட்டமும் சூரியனின் வட்டம்தான். உச்சி வெயிலில் 10 அடி உயர ஓட்டின் சின்ன ஓட்டை வழியே விழுவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும். அளந்து பார்த்து எழுதுங்கள்.